கடைசிப் பூண்டுக் காட்டோடு வண்டி நிற்கட்டும்

கொடைக்கானல் மலையில் கூக்கால் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அருவிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தடத்துக்குத் தார் ரோடு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மச்சானின் கட்சி. ரோடு போட்டால் அடுத்த சீசனிலேயே அது, கொடைக்கானல் சாலையோரத்தில் கூட்டம் மொய்க்கிற வெள்ளி நீர்வீழ்ச்சி மாதிரி ஆகிவிடும், பாதை மோசமாக இருப்பதுதான் அருவிக்குக் காவல் என்பது என் தம்பியின் கட்சி. இரண்டு பேரும் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனால் கேட்கக் கேட்க இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. பாதை மோசமாக இருப்பது அந்த அருவியைக் காப்பாற்றவில்லை என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன். ஒரு காலத்தில் மோசமான பாதை ஆட்களைத் திருப்பி அனுப்பியது உண்மை. இப்போது அதே பாதைதான் ஆட்களை இழுக்கிறது. சேறு தெறிக்க ஒரு ஜீப் மேடு ஏறும் அரை நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். அருவி அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

அருவியின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்லும் இடம் புரியும். போகாதவர்கள் கூக்காலில் இறங்கி ஒரு டீக்கடையில் கேட்டாலே போதும். ஊர்க்காரர் ஒருவர் துணையோடுதான் அங்கே போகவேண்டும். மழை நாளில் அந்த ஓடை எப்போது பெருகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தடம்

நாங்கள் பழனிக்காரர்கள். மலை எங்களுக்கு வாசலில் நிற்கிறது. பூம்பாறை வரை போவதும் வருவதும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். படிப்படியாக இறங்கும் பூண்டுக் காடுகளைச் சாலை வளைவிலிருந்து பார்ப்பதும், குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதும் எல்லோரும் செய்வதுதான். பூம்பாறையைத் தாண்டிவிட்டால் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். மன்னவனூர் பிரிவைத் தாண்டினால் அதிலும் பாதி. கூக்கால் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் போய்விட்டால் மிச்சம் இருப்பது விவசாயிகளும், அவர்கள் மூட்டை ஏற்றும் ஜீப்புகளும்தான்.

நாங்கள் பேசி அமர்த்திய ஜீப்பும் அப்படி மூட்டை ஏற்றுகிற பழைய மஹிந்திராதான். பின்னால் இரண்டு பக்கமும் பலகை, மேலே தார்ப்பாய், உள்ளே டீசலும் பூண்டும் கலந்த வாசனை. ஓட்டுகிற அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவருடைய அப்பா காலத்தில் பூண்டு மூட்டை குதிரை முதுகில் இறங்கியதாம். இப்போது ஜீப்பில் மேலே வந்து, லாரியில் ஏறி வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் செய்தியில் படித்துவிட்டு மறந்துவிட்டோம். அந்தப் பூண்டு காட்டிலிருந்து சாலைக்கு வருகிற வழி எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து அனுபவித்தேன்.

தார் முடிகிற இடத்தில் அண்ணன் இறங்கி, நாலு சக்கரமும் இழுக்கும்படி முன்சக்கர ஹப் இரண்டையும் திருகி லாக் செய்தார். லோ கியர் போட்டார். அதற்குப் பிறகு நடந்து போகிறவர் எங்களைத் தாண்டிப் போய்விடலாம், அவ்வளவு மெதுவாக வண்டி நகர்ந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பீன்ஸ் காடு. சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டும், எதை விட்டு விலக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓர் இடத்தில் வண்டி இடது பக்கம் சாய்ந்து, வெளியே நீட்டியிருந்த என் முழங்கைக்குக் கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. அந்தப் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. எலும்பு குலுங்கியதும் பிடித்தது, வளைவுக்கு வளைவு மாறுகிற குளிரும் பிடித்தது. ஆஃப்ரோடு என்றாலே மண்ணுக்குக் கேடு என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தத் தடம் வயலுக்குப் போகிற தடம். கல் பாவி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, மழைக்குப் பின் மண் போட்டு, ஊர் சேர்ந்து பார்த்துக்கொள்கிற பாதை. அதில் வண்டி போவதற்காகத்தான் அது இருக்கிறது.

வழியில் பீன்ஸ் மூட்டையோடு நின்ற ஒரு பாட்டியை அண்ணன் ஏற்றிக்கொண்டார். அடுத்த ஓடைக்கு அந்தப் பக்கம் வீடாம். மச்சான் தன் கட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "பாட்டி, ரோடு வேணும்ல உங்களுக்கு?" என்று கேட்டான். "வேணாம்னு எவஞ் சொல்லுவான்? மழை நாள்ல மேலுக்கு முடியலைன்னா கட்டில்ல வச்சுத்தான் நாலு பேரு தூக்கிட்டு வாராக. எம் மருமகளை அப்படித்தான் தூக்கியாந்தோம்" என்றார். வீட்டு வாசல் வரை சிமெண்டு போட்டால் போதும் என்று சொல்லி இறங்கிப் போனார். அந்த வாசல் வரை ரோடு போட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. பாதை மோசமாக இருப்பதுதான் அழகு என்று சொல்கிற நகரத்து ஆட்கள் ஒரு நாள் அந்தக் கட்டிலின் ஒரு காலைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் பார்க்க வேண்டும்.

மேட்டுக்குக் கீழே

கடைசிப் பூண்டுக் காடு முடிந்த இடத்தில் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார். எதிரே ஒரு புல்மேடு. மேட்டின் அந்தப் பக்கம் சோலை, சோலைக்குள் ஓடை, ஓடை விழுகிற இடத்தில் அருவி. மேட்டில் ஏற்கெனவே வண்டி ஏறிய தடங்கள் இருந்தன. ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் நாலைந்து. பழைய தடம் சேறாகிவிட்டதால் அதை ஒட்டிப் புதிதாக ஒன்று, அதுவும் சேறானதும் இன்னொன்று என்று மேட்டின் பாதி அகலத்துக்கு விரிந்திருந்தது.

"என்னண்ணே, மத்த வண்டியெல்லாம் ஏறியிருக்கே. தடம் தெரியுதுல்ல?" என்றான் மச்சான்.

"ஏறும் தம்பி. ஏறாதுன்னு நாஞ் சொல்லல. ஏத்த மாட்டேங்கிறேன்."

மச்சானின் முகம் சுருங்கிவிட்டது. வீடியோவில் பார்த்தது இந்த மேட்டைத்தான். கூடுதலாகக் காசு தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தான். அண்ணன் கோபப்படவில்லை. "வாங்க, இங்ஙன வந்து பாருங்க" என்று எங்களை மேட்டின் அடிவாரத்துக்கு அழைத்துப் போனார். வண்டி படாத புல்லில் குந்தி உட்கார்ந்து, புல்லை விலக்கி, ஆள்காட்டி விரலால் மண்ணை அழுத்தினார். நடுக்கணு வரை விரல் இறங்கியது. என்னையும் அழுத்தச் சொன்னார். மண் கறுப்பாக, குளிர்ந்து, வேர்கள் பின்னிக் கிடந்த கம்பளி மாதிரி இருந்தது. பிறகு இரண்டு எட்டு தள்ளிப் பழைய டயர் தடத்தில் அதே விரலை வைத்து அழுத்தினார். நகம்கூட இறங்கவில்லை. கறுப்பு மண் அங்கே இல்லவே இல்லை. அடியில் இருக்கிற மஞ்சள் களிமண், பட்டன் டயரின் அச்சோடு இறுகிக் கிடந்தது.

அடுத்து என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிப் புல்லில் கொஞ்சம் ஊற்றினார். ஊற்றிய இடத்திலேயே காணாமல் போனது. தடத்தில் ஊற்றினார். ஒரு துளி இறங்காமல் டயர் பள்ளம் வழியே ஓடி, எங்கள் கால் பக்கம் வந்து, கீழே பூண்டுக் காட்டு வரப்பை நோக்கிப் போய்விட்டது. "இது இனி தடம் இல்ல. ஓடை. ஐப்பசி கார்த்திகையில வந்து பாருங்க, முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கிட்டு ஓடும். அந்த மண்ணுதான் எங்க காட்டுல வந்து விழுது."

கடைசியாக அவர் காட்டியதுதான் எனக்கு இன்றுவரை தூக்கத்தில் வருகிறது. இரண்டு தடங்களுக்கு நடுவே முழங்கால் உயரச் செடிகள் கொஞ்சம் நின்றன. சில செடிகள் தண்டு பிளந்து சேற்றோடு படிந்திருந்தன. இலையின் விளிம்பில் பல், அடிப்பக்கம் அழுத்தமான நரம்பு. குறிஞ்சி. கொடைக்கானல் மலையில் 2018-இல் பூத்து, விதை போட்டுவிட்டு மடிந்த குறிஞ்சியின் பிள்ளைகள் அவை. குறிஞ்சி ஒரு தடவைதான் பூக்கும், பூத்ததும் செத்துவிடும். 2030-இல் பூப்பதற்காக இத்தனை வருடம் வெயிலும் பனியும் தாங்கி வளர்ந்த செடி, ஒரு வண்டி பின்வாங்கித் திரும்பிய நேரத்தில் நசுங்கிக் கிடந்தது. அடுத்த வருடம் பூத்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாத செடி அது. நசுங்கிய இடத்தில் 2030-இல் பூவும் இல்லை, அதற்கடுத்த 12 ஆண்டுக்கு விதையும் இல்லை.

மச்சான் அதற்குப் பிறகு காசுப் பேச்சை எடுக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு நடந்தான்.

தண்ணீரில் ஒரு கோடு

நடை அரை மணி நேரம்தான். மேட்டின் ஓரமாக மாடு போகிற ஒற்றையடிப் பாதையில் அண்ணன் முன்னே போக, சோலைக்குள் இறங்கினோம். அட்டை நிறைய. உப்புத் துணியை முடிந்து குச்சியில் கட்டி வைத்திருந்தார், காலில் ஏறியதைத் தொட்டால் உதிர்ந்துவிடும். காட்டுமாட்டுச் சாணி புதிதாகக் கிடந்த ஓர் இடத்தில் கையைக் காட்டி எங்களை நிறுத்தி, கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். அருவி உயரமானது இல்லை. பெருமாள்மலைப் பக்கம் தொலைவிலிருந்து வெள்ளிக்கம்பியாகத் தெரிகிற தலையாறு அருவி 297 மீட்டர். அதோடு ஒப்பிட இங்கே ஒன்றுமில்லை. மூன்று தட்டாக உடைந்து விழுகிற ஒரு சின்ன அருவி, கீழே இடுப்பளவுத் தண்ணீர். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் நான் குளித்ததில்லை. தலையைக் கொடுத்ததும் மூச்சு அடைத்து, பிறகு உடம்பு முழுக்கச் சூடு பரவியது.

குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். ஓடை முழுக்கத் தெளிந்த தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல்லின் வரி தெரிகிற தெளிவு. ஆனால் ஒரு கரையை ஒட்டி, ஒரு முழ அகலத்துக்கு, மஞ்சளாகக் கலங்கிய நீர் தனியாக ஒரு கோடு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரி நல்ல மழை. மேட்டிலிருந்து டயர் பள்ளங்கள் வழியாக இறங்கிய தண்ணீர், சோலை ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்காலாகி, அருவிக்குக் கொஞ்சம் கீழே ஓடையில் சேர்ந்திருந்தது. அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதோ வருசம் கறுப்பாத்தான் வந்துச்சு. இப்ப மஞ்சளா வருது. மேல்மண்ணு போயிருச்சுன்னு அர்த்தம்" என்றார்.

பழனிக்காரனான எனக்கு அந்தக் கோட்டின் மறுமுனை தெரியும். கூக்கால் பக்கத்து ஓடைகள் வடக்கே இறங்குபவை. குதிரையாறு அங்கிருந்துதான் எங்கள் பக்கம் வருகிறது. பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு என்று மலையடிவாரத்தில் நாங்கள் கட்டி வைத்திருக்கிற அணைகளெல்லாம் இந்த மலையின் புல்லும் சோலையும் பிடித்து வைத்து விடுகிற தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. மழை பெய்கிற சில மாதங்களில் வருகிற வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. தை, மாசியில் மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் ஓடுகிறதே, அதைச் சொல்கிறேன். அண்ணனின் விரல் இறங்கிய அந்தக் கறுப்பு மண்ணில் ஊறி நின்று, கசிந்து கசிந்து வருகிற தண்ணீர் அது. மண் இறுகிவிட்டால் மழை ஊறாது. பெய்த அன்றே ஓடிவிடும், ஓடும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போய் அணையில் போடும். மார்கழியில் கலங்கல், பங்குனியில் வறட்சி.

ஒரு மேடு தானே, இவ்வளவு பெரிய மலையில் அதற்கென்ன என்று தம்பி கேட்டான். கொடைக்கானலும் சேர்ந்த இந்தப் பழனி மலைத்தொடரில் மிச்சமிருக்கும் புல்வெளி எவ்வளவு என்று தெரிந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. 1973-லிருந்து 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது என்று தெரியவந்திருக்கிறது. வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டதில் போனது பெரும்பகுதி, விவசாயத்துக்குப் போனது மீதி. புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. நட்டவர்களை இப்போது திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அதெல்லாம் போக மிஞ்சிய மூன்றில் ஒரு பங்கில்தான் இந்த மேடு இருக்கிறது. அதை வேடிக்கைக்காக உழுது போடுவதற்கு என்ன நியாயம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

யார் நிறுத்துவது

திரும்பி வரும்போது எதிரே இரண்டு ஜீப்புகள் நிறைய இளைஞர்கள் வந்தார்கள். எங்களைத் தாண்டிப் போய், மேட்டின் அடிவாரத்தில் ஒரு நிமிடம் நின்று, சத்தத்தோடு ஏறின. முதல் வண்டியின் பின்சக்கரம் பாதியில் வழுக்கி அதே இடத்தில் சுற்றியது. கறுப்பாகப் புல்லும் மண்ணும் தெறித்தன. எல்லோரும் கைதட்டிப் படம் பிடித்தார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வண்டிகளை ஓட்டியவர்களும் அவருக்குத் தெரிந்தவர்கள்தான், ஒருவர் சொந்தக்காரர்.

வண்டிக்குள் ஏறிய பிறகு பேசினார். மேடு ஏற மாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்ததிலிருந்து சவாரி குறைந்துவிட்டதாம். வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே வீடியோவில் வரும் அந்த ஏற்றம் உண்டா என்பதுதான். இல்லை என்றால் அடுத்த ஜீப்புக்குப் போய்விடுகிறார்கள். அந்த அடுத்த ஜீப்காரரையும் குறை சொல்ல முடியாது. பூண்டு விலை விழுந்த வருடத்தில் வண்டித் தவணையைக் கட்டுவது இந்தச் சவாரிக் காசில்தான். ஒருவர் நல்லவராக இருந்தால் அவர் நஷ்டப்படுவார், மேடும் தப்பாது. எல்லோருக்கும் ஒரே இடத்தில் வண்டி நின்றால் யாருக்கும் நஷ்டம் கிடையாது. நடைக்கு வழிகாட்டியாக இன்னொருவருக்கும் கூலி கிடைக்கும்.

இது நடக்காத காரியம் ஒன்றுமில்லை. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வாங்கித்தான், அளவாகத்தான் வண்டிகள் போகின்றன, அதனால் பேரிஜத்துக்கு மவுசு குறைந்துவிடவில்லை. 2024-இல் அரசே மாநிலம் முழுக்க 40 மலையேற்ற வழிகளைத் திறந்து, வழிகாட்டிகளாக உள்ளூர்க்காரர்களை வைத்தது. அதே வருடம் மே 7-ஆம் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. மலைக்கு எத்தனை வண்டி ஏறுகிறது என்று இப்போது கணக்கு இருக்கிறது. ஏறிய வண்டி எந்தப் புல்லில் போய் நிற்கிறது என்பதை மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதைப் பார்க்கக் கூடியவர்கள் கடைசிக் காட்டின் சொந்தக்காரர்கள்தான், அவர்கள் வரப்பில்தான் அந்த மண் வந்து விழுகிறது.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு மனு வேண்டுமாம், எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நானும் மச்சானும் உட்கார்ந்து எழுதினோம், தம்பி திருத்தினான். முதல் கோரிக்கை, தார் முடிகிற இடத்திலிருந்து கடைசி வீடு வரை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சிமெண்டுப் பட்டை, ஓரத்தில் கல் கட்டிய வாய்க்கால். இரண்டாவது, கடைசிப் பூண்டுக் காட்டு முனையில் வரிசையாகப் பெரிய கல் நட்டு, அதற்கு மேல் எந்த வண்டியும், ஊர் வண்டியாக இருந்தாலும் சரி, போகக் கூடாது என்று ஒரு தீர்மானம். இரண்டையும் தனித்தனி மனுவாகக் கொடுத்தால் தெளிவாக இருக்குமே என்று நான் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. தனித்தனியாகக் கொடுத்தால் ரோட்டுக்கு மட்டும் கை தூக்கிவிட்டுக் கல்லை விட்டுவிடுவார்கள், ரெண்டும் ஒரே தாளில் இருக்கட்டும் என்றார். அப்படியே எழுதி, ஒரே தாளாக அனுப்பியிருக்கிறோம். முதல் கையெழுத்து பாட்டி போடுகிறாராம்.